லேப்டாப்பிலிருந்து நாஸுக்கு ரா படங்கள்: சிங்க் முடிவதே இல்லை

கறுப்புவெள்ளை எழுதியது:

வணக்கம். வீட்டில் நாலு டிஸ்க் போட்ட நாஸ் (நெட்வொர்க்கில் இணைத்த சேமிப்புப் பெட்டி) ஒன்று இருக்கிறது. லேப்டாப் மேக், ஒரு டெராபைட் எஸ்எஸ்டி. கேமரா 45 மெகாபிக்சல் என்பதால் ஒரு ரா கோப்பு (கேமரா சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் படக் கோப்பு) ஏறக்குறைய 50 எம்பி வரும். ஒரு நிகழ்ச்சியை எடுத்துவிட்டு வந்தால் 1,200 படம், அதாவது சுளையாக 60 ஜிபி. நாஸுடன் வந்த சிங்க் செயலியைப் போட்டு, படங்கள் ஃபோல்டர் முழுவதையும் இருவழி சிங்க்கில் (ஒரு பக்கம் மாறினால் மறுபக்கமும் மாறும்படி) விட்டிருக்கிறேன். படங்களை எடிட் செய்யும் லைட்ரூம் கிளாசிக்கின் கேட்டலாக்கும் (எடிட் விவரங்களை வைத்திருக்கும் கோப்பு) அதே ஃபோல்டருக்குள்தான் இருக்கிறது.

வேகம் நொடிக்கு 11 எம்பியைத் தாண்டுவதே இல்லை, வயர் போட்டாலும் அதேதான், வைஃபையில் கேட்கவே வேண்டாம். லைட்ரூமைத் திறந்தாலே போதும், ஒரு படத்தைக்கூடத் தொடாவிட்டாலும் சிங்க் மறுபடி ஓட ஆரம்பித்துவிடுகிறது, ஆயிரக்கணக்கில் குட்டிக் குட்டிக் கோப்புகள் போய்க்கொண்டே இருக்கின்றன. கேட்டலாக் பக்கத்தில் 'கான்ஃப்ளிக்ட்' என்று பெயர் ஒட்டிய பிரதிகள் வேறு முளைத்திருக்கின்றன, எது அசல் என்று தெரியவில்லை. லேப்டாப்பில் இடம் தீரப்போகிறது, ஆனால் இங்கே பழைய படத்தை அழித்தால் நாஸிலும் போய்விடுமோ என்று கை வைக்கவே பயமாக இருக்கிறது.

இன்னொரு வினோதம்: நாஸில் 'தோட்டம்' என்ற பெயரில் இரண்டு ஃபோல்டர்கள். எழுத்துக்கு எழுத்து ஒரே பெயர். ஒன்றில் பழைய ஹார்டு டிஸ்க்கிலிருந்து கொண்டுவந்த படங்கள், மற்றதில் விண்டோஸ் கம்ப்யூட்டரிலிருந்து போட்டவை. ஒரே இடத்தில் ஒரே பெயரில் இரண்டு எப்படி இருக்க முடியும்?

கோப்புகளை நகலெடுக்க வேறு கருவியாகச் சிலர் ஆர்சிங்க் என்கிறார்கள், சிலர் சிங்க்திங் என்கிறார்கள். எதற்கு மாறுவது?

கேபிள்காரன் எழுதியது:

மென்பொருளை இப்போதைக்கு விடுங்கள், அந்த 11 என்ற எண்ணைப் பாருங்கள். 100 மெகாபிட்டை 8ஆல் வகுத்தால் 12.5 எம்பி, அதில் நெட்வொர்க்கின் சொந்தச் செலவு போக மிஞ்சுவது 11 சொச்சம். டிஸ்க் மெதுவாக இருந்தால் வேகம் ஏறி இறங்கும், இப்படி ஒரே எண்ணில் ஆணி அடித்தாற்போல நிற்காது. உங்கள் லேப்டாப்புக்கும் நாஸுக்கும் நடுவே ஏதோ ஒரு இணைப்பு ஜிகாபிட்டுக்கு (1000 மெகாபிட்டுக்கு) பதிலாக 100 மெகாபிட்டில் பேசிக்கொண்டிருக்கிறது.

ஜிகாபிட் ஓட கேபிளுக்குள் இருக்கும் எட்டுக் கம்பிகளும் வேண்டும். 100 மெகாபிட்டுக்கு நாலே போதும். 100க்குத் தேவைப்படாத மற்ற நாலில் ஒன்று அறுந்திருந்தாலோ, பிளக்கில் சரியாகப் பதியாமல் இருந்தாலோ, இரண்டு முனையும் சத்தமில்லாமல் 100க்கு இறங்கி வேலையைத் தொடரும். எந்த எரர் செய்தியும் வராது, இணையமும் வழக்கம்போல ஓடும், அதனால்தான் வருஷக்கணக்கில் யாரும் கவனிப்பதில்லை. மேக்கின் நெட்வொர்க் செட்டிங்ஸில் ஹார்டுவேர் பக்கத்துக்குப் போனால் 1000 என்றோ 100 என்றோ காட்டும். நாஸின் நெட்வொர்க் பக்கத்திலும் அதையே பாருங்கள். லேப்டாப் பக்கம் 1000 என்று இருந்து நாஸ் பக்கம் 100 என்று இருந்தால், நாஸுக்கும் ரவுட்டருக்கும் இடையிலான கேபிள்தான் குற்றவாளி. கேபிளை மாற்றியும் அப்படியே என்றால் ரவுட்டரைச் சந்தேகப்படுங்கள், லேன் போர்ட்டே 100 மட்டும் கொண்ட ரவுட்டர்கள் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன. லேப்டாப்பில் யுஎஸ்பி அடாப்டர் போட்டிருந்தால் அது யுஎஸ்பி 3 தானா என்றும் பாருங்கள்.

சரிசெய்த பிறகு, நெட்வொர்க் வேகத்தை அளக்கும் ஐபெர்ஃப்3 ஓட்டினால் 940 மெகாபிட் பக்கம் வர வேண்டும். கோப்பு நகலெடுக்கும்போது அது நொடிக்கு 110 எம்பி. உங்கள் 60 ஜிபி இப்போது ஒன்றரை மணி நேரம் பிடிக்கிறது, அப்போது ஒன்பது பத்து நிமிஷத்தில் முடியும்.

வைஃபையில் காட்டும் 866, 1200 எல்லாம் இணைப்பு வேகம், கோப்பு போகும் வேகம் இல்லை. அதில் பாதி கிடைத்தால் சந்தோஷப்படலாம். முதல் பெரிய நகலை வயரில் முடித்துவிடுங்கள்.

இருட்டறை எழுதியது:

கேபிள் விஷயம் சரி, ஆனால் ஜிகாபிட் வந்தாலும் லைட்ரூமைத் திறந்ததும் சிங்க் ஓடுவது நிற்காது, கான்ஃப்ளிக்டும் நிற்காது. அந்த ஒரு ஃபோல்டருக்குள் குணத்தில் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத மூன்று வகைக் கோப்புகள் இருக்கின்றன, மூன்றையும் ஒரே விதியில் கட்டியிருக்கிறீர்கள்.

ரா கோப்பு கேமராவில் பிறந்ததோடு சரி, லைட்ரூம் அதற்குள் எதையும் எழுதுவதில்லை. அதற்கு இருவழி சிங்க் எதற்கு? லேப்டாப்பிலிருந்து நாஸுக்கு ஒருவழி நகல் போதும்.

கேட்டலாக் அப்படி இல்லை. அது எஸ்க்யூலைட் என்ற வகை டேட்டாபேஸ். திறந்திருக்கும்போது லைட்ரூம் அதில் எழுதிக்கொண்டே இருக்கும், பக்கத்தில் லாக் கோப்பும் ஜர்னல் கோப்பும் வந்துபோகும். அந்த நேரத்தில் சிங்க் செயலி அதைப் பாதியில் பிடித்து அனுப்பினால் நாஸில் இருப்பது பாதி எழுதிய டேட்டாபேஸ். இரண்டு கம்ப்யூட்டர்கள் அதைத் தொட்டால் கான்ஃப்ளிக்ட் பிரதி. கேட்டலாக்கை நாஸிலேயே வைத்துத் திறக்கலாமே என்று தோன்றும், லைட்ரூம் கிளாசிக் நெட்வொர்க் டிரைவில் இருக்கும் கேட்டலாக்கைத் திறக்க விடாது. ஆகவே கேட்டலாக் லேப்டாப்பின் எஸ்எஸ்டியில், சிங்க் ஃபோல்டருக்கு வெளியே இருக்கட்டும். மூடும்போது பேக்கப் எடுக்கும் வசதி லைட்ரூமிலேயே இருக்கிறது, அந்த பேக்கப் போகும் இடத்தை மட்டும் நாஸ் என்று மாற்றிவிடுங்கள். மூடும்போது எடுப்பதால் அது முழுசான பிரதி. படங்கள் அந்த பேக்கப்பில் வராது, உங்கள் எடிட்கள் மட்டும்தான்.

மூன்றாவது ப்ரிவ்யூ, திரையில் சட்டென்று காட்ட லைட்ரூம் உருவாக்கி வைக்கும் முன்காட்சிப் படங்கள். நீங்கள் பார்த்த குட்டிக் கோப்புகள் இவைதான். கேட்டலாக் பெயரோடு 'டேட்டா' என்று முடியும் ஃபோல்டர், உள்ளே ஆயிரக்கணக்கில் துணுக்குகள். தொலைந்தால் லைட்ரூமே மறுபடி உருவாக்கிக்கொள்ளும். நாஸுக்கு அனுப்பவே வேண்டாம், விலக்குப் பட்டியலில் போடுங்கள். நெட்வொர்க்கில் ஒரு 50 எம்பி கோப்பைவிட ஐயாயிரம் பத்து கேபி கோப்புகள்தான் நேரத்தைத் தின்னும், ஒவ்வொன்றுக்கும் திற, எழுது, மூடு என்று தனித்தனியாகப் பேச்சுவார்த்தை நடக்க வேண்டுமே.

கான்ஃப்ளிக்ட் பிரதிகளை அழிக்காமல் விட்டது நல்லதாகப் போயிற்று. சிங்க்கை நிறுத்திவிட்டு, எல்லாப் பிரதிகளையும் வேறு ஃபோல்டருக்கு நகலெடுத்து, ஒவ்வொன்றாகத் திறந்து கடைசியாக நீங்கள் செய்த எடிட் எதில் இருக்கிறது என்று பாருங்கள். தேதியை மட்டும் நம்பாதீர்கள், சும்மா திறந்து மூடினாலே தேதி மாறிவிடும்.

ராவை டிஎன்ஜியாக (அடோபியின் பொது ரா வடிவம்) மாற்றும் பழக்கம் உண்டா? எடிட்டை எக்ஸ்எம்பி என்ற குறிப்பு வடிவில் தானாக எழுதும் ஆப்ஷன் போட்டிருந்தால், ராவுக்குப் பக்கத்தில் சின்ன எக்ஸ்எம்பி கோப்பு மட்டும் மாறும். டிஎன்ஜி என்றால் அந்தப் படக் கோப்புக்குள்ளேயே எழுதும். ஒரு ஸ்டார் ரேட்டிங் கொடுத்ததற்கு 50 எம்பி கோப்பு முழுவதும் மறுபடி நாஸுக்குப் பயணம் போகும்.

சும்மாபார்ப்பவன் எழுதியது:

இவ்வளவு எதற்கு, சிங்க்திங் போட்டுவிட்டு மறந்துவிடுங்கள். கோப்பைத் துண்டு துண்டாகப் பிரித்து மாறிய துண்டை மட்டும்தான் அனுப்பும், நடுவில் லேப்டாப் தூங்கிவிட்டாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். எனக்கு ஒரு தொல்லையும் இல்லை.

முனையம் எழுதியது:

சிங்க்திங் நல்ல கருவிதான், ஆனால் போட்டுவிட்டு மறப்பது இவர் விஷயத்தில் ஆபத்து. இவருக்கு வேண்டியது லேப்டாப்பில் அழித்தாலும் நாஸில் இருக்க வேண்டும் என்பது. சிங்க்திங்கில் லேப்டாப் பக்கத்தை 'அனுப்ப மட்டும்', நாஸ் பக்கத்தை 'பெற மட்டும்' என்று வைத்தால்கூட, லேப்டாப்பில் அழித்தது நாஸிலும் அழியும். அழித்ததையும் ஒரு மாற்றமாகவே அது அனுப்புகிறது. நாஸ் பக்கம் வெர்ஷனிங் (பழைய பிரதிகளை வைத்திருக்கும் வசதி) போட்டால் அழிந்தவை தனி ஃபோல்டரில் தங்கும், ஆனால் அது விபத்துக்கான வலை, ஆர்க்கைவ் இல்லை.

ஆர்சிங்க்கில் நிலைமை தலைகீழ். டெலீட் ஆப்ஷனை நீங்களாகச் சேர்த்தால் ஒழிய அது அந்தப் பக்கம் எதையும் அழிக்காது. அதனால் இந்த வேலைக்கு என் ஓட்டு ஆர்சிங்க்குக்கு. முதல் தடவை ட்ரை ரன் (எதையும் அனுப்பாத ஒத்திகை) ஆப்ஷனோடு வெர்போஸையும் போட்டு என்னென்ன போகும் என்று பட்டியலைப் பாருங்கள், பார்ஷியல் ஆப்ஷனையும் சேர்த்துக்கொள்ளுங்கள், பாதியில் அறுந்த பெரிய கோப்பு வீணாகாது. சோர்ஸ் ஃபோல்டர் பெயருக்குப் பின்னால் சாய்கோடு வைத்தால் உள்ளே இருப்பவை மட்டும் போகும், வைக்காவிட்டால் ஃபோல்டரே போய் உட்காரும். நாஸில் படங்களுக்குள் படங்கள் என்று ஃபோல்டர் வந்தால் காரணம் இதுதான்.

நாஸை மேக்கில் மவுண்ட் செய்து (ஒரு டிரைவ்போல இணைத்து) அதன்மேல் ஆர்சிங்க் ஓட்டாதீர்கள். இரண்டும் லோக்கல் பாதை என்று நினைத்து, மாறிய பகுதியை மட்டும் அனுப்பும் வித்தையைக் கைவிட்டுக் கோப்பை முழுசாகவே எழுதும். எஸ்எஸ்ஹெச் (இன்னொரு கம்ப்யூட்டருக்குள் பாதுகாப்பாக நுழையும் முறை) வழியாகப் போனால்தான் அந்த வித்தை வேலை செய்யும். மாறாத ராவுக்கு இதனால் வித்தியாசம் இல்லை, மேலே சொன்ன டிஎன்ஜிக்கு உண்டு.

இப்போது 'தோட்டம்'. பழைய ஹார்டு டிஸ்க் மேக்கின் பழைய ஹெச்எஃப்எஸ் பிளஸ் ஃபார்மட்டில் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். யூனிகோடில் 'தோ' என்பதை இரண்டு விதமாக எழுதலாம்: த, அதன்பின் ஓகாரக் குறி ஒன்றே ஒன்று, அல்லது த, அதன்பின் ஏகாரக் குறி, அதன்பின் கால் என்று பிரித்து. திரையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஹெச்எஃப்எஸ் பிளஸ் பெயரைப் பிரித்தே சேமிக்கும், விண்டோஸில் தட்டினால் பெரும்பாலும் சேர்ந்தே வரும். நாஸுக்குள் ஓடும் லினக்ஸ் பெயரைப் படிப்பதில்லை, பைட்டை, அதாவது அந்தப் பெயரைச் சேமித்திருக்கும் எண்களைத்தான் பார்க்கிறது. பைட் வேறு என்றால் ஃபோல்டரும் வேறு. ஒகரம், ஓகாரம், ஔகாரம் வரும் பெயர்களில்தான் இந்தச் சிக்கல், 'மலை' என்றோ 'கடல்' என்றோ வைத்திருந்தால் வந்திருக்காது.

முதலில் இரண்டு ஃபோல்டரில் இருப்பதையும் கையால் ஒன்றாக்குங்கள். மிச்சப் பெயர்களை நாஸில் கான்வ்எம்வி என்ற கருவியால் சேர்ந்த வடிவத்துக்கு மாற்றலாம். இனிமேல் வராமல் இருக்க ஆர்சிங்க்கில் பெயரின் எழுத்து வடிவத்தை மாற்றி அனுப்பும் ஐகான்வ் ஆப்ஷன் இருக்கிறது, ஆனால் மேக்குடன் வரும் ஆர்சிங்க்கில் அது கிடையாது, 3ஆம் பதிப்பைத் தனியாக நிறுவ வேண்டும்.

இருட்டறை எழுதியது:

ஃபோல்டருக்குத் தேதியை மட்டும் பெயராக வையுங்களேன், 2024-08-17 என்பதுபோல. வரிசையாகவும் நிற்கும், இந்தத் தொல்லையும் இல்லை. 'தோட்டம்' என்பதை லைட்ரூமில் கீவேர்டாகக் கொடுத்தால் தேடலிலும் வரும்.

முனையம் எழுதியது:

கருவி சரியில்லை என்பதற்காகத் தமிழில் பெயர் வைப்பதை விட மாட்டேன், ஐகான்வ் ஒரு தடவை போட்டால் முடிந்தது. ஆனால் புதிதாகத் தொடங்குபவருக்கு நீங்கள் சொல்வது சுலபம்தான்.

கறுப்புவெள்ளை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நாஸ் பக்கம் 100 என்றுதான் காட்டியது. நாஸோடு ரவுட்டரை இணைத்த கேபிளை மாற்றினேன், இப்போது 110ஐத் தொடுகிறது. கேட்டலாக்கை வெளியே எடுத்துவிட்டேன், சரியான பிரதியும் கிடைத்துவிட்டது. ஆர்சிங்க் எஸ்எஸ்ஹெச்சில் ஓடுகிறது. கடைசிக் கேள்வி: லேப்டாப்பில் பழைய படங்களை எப்போது அழிக்கலாம், அழித்தால் லைட்ரூம் 'படம் காணவில்லை' என்று அழாதா?

இருட்டறை எழுதியது:

அழும், முறைப்படி செய்தால் அழாது. முதலில் அந்தப் படங்களுக்கு ஸ்மார்ட் ப்ரிவ்யூ உருவாக்குங்கள், நீளப் பக்கம் 2560 பிக்சல் கொண்ட சிறு டிஎன்ஜி அது. நாஸ் இல்லாத இடத்திலும் அதை வைத்து எடிட் செய்யலாம், முழு அளவில் எக்ஸ்போர்ட் செய்யத்தான் அசல் வேண்டும். அடுத்து ஆர்சிங்க்கை செக்சம், வெர்போஸ் ஆப்ஷன்களோடு ட்ரை ரன்னில் ஓட்டுங்கள். வழக்கமாக அது அளவையும் தேதியையும் மட்டும் ஒப்பிடும், செக்சம் போட்டால் இரண்டு பக்கமும் ஒவ்வொரு கோப்பையும் முழுசாகப் படித்துப் பார்க்கும். நேரமாகும், இரவில் விடுங்கள், லேப்டாப் தூங்காதபடி பார்த்துக்கொள்ளுங்கள். பட்டியலில் எந்தக் கோப்பும் வரவில்லை என்றால் இரண்டும் ஒன்றே. அதன்பின் லேப்டாப்பில் இருக்கும் ஃபோல்டரின் பெயரை மாற்றிவிட்டு, லைட்ரூமில் ஃபோல்டர்மேல் ரைட் கிளிக் செய்து, காணாமல்போன ஃபோல்டரைத் தேடும் ஆப்ஷனில் நாஸில் இருப்பதைக் காட்டுங்கள். எல்லாம் திறக்கிறதா என்று பார்த்த பிறகு பழையதை அழியுங்கள்.

ஆனால் அழித்த நிமிஷத்திலிருந்து அந்தப் படங்களுக்கு நாஸ்தான் ஒரே இடம். ரெய்டு (பல டிஸ்க்கை ஒன்றாகக் கட்டும் முறை) ஒரு டிஸ்க் செத்தால் காப்பாற்றும், தவறுதலாக அழித்ததையோ கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேரையோ அதனால் தடுக்க முடியாது. நாஸின் ஃபைல் சிஸ்டம் பிடிஆர்எஃப்எஸ்ஸோ இசட்எஃப்எஸ்ஸோ என்றால் ஸ்னாப்ஷாட்டை (அந்த நேரத்து நிலையை அப்படியே பதிந்து வைப்பது) போட்டுவிடுங்கள், அதற்குமேல் ஒரு வெளி டிஸ்க்கில் இன்னொரு பிரதி எடுத்து வீட்டுக்கு வெளியே வையுங்கள். அந்த டிஸ்க் வரும்வரை லேப்டாப்பில் எதையும் அழிக்க வேண்டாம்.

கேபிள்காரன் எழுதியது:

அந்த வெளி டிஸ்க் எஸ்எம்ஆர் (தடங்களை ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி எழுதும்) வகையா என்று வாங்குமுன் பாருங்கள். 60 ஜிபியை ஒரே மூச்சில் எழுதும்போது கொஞ்ச நேரம் வேகமாக ஓடிவிட்டு அப்புறம் படுத்துவிடும், நீங்கள் மறுபடி கேபிளைக் கழற்றிக்கொண்டிருப்பீர்கள்.