புதுப்பிப்பு: ரேடியல் தமனியில் ஆர்ட்டீரியல் லைன், கடைசியில் கைகொடுத்தது எது?

ரத்த அழுத்தத்தைத் தொடர்ந்து அளக்க மணிக்கட்டிலுள்ள ரேடியல் தமனிக்குள் மெல்லிய குழாய் போடுவதுதான் ஆர்ட்டீரியல் லைன். அதைப் போடும்போது ஊசி வழியே ரத்தம் பின்னால் வருகிறது, ஆனால் ஊசியின் மேல் உள்ள 20 கேஜ் கேனுலா (பிளாஸ்டிக் குழாய்) உள்ளே நகர மறுக்கிறது என்று போன மாதம் இங்கே புலம்பியிருந்தேன். பிரஷர் குறைந்த, கை வீங்கிய நோயாளிகளில்தான் இந்தத் தொல்லை. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

முதலில் முயன்றது, தமனியை மறுபக்கம் வரை துளைத்து, மெல்லப் பின்னிழுத்து, கேனுலாவுக்கு வழிகாட்டும் ஒயர் விடும் முறை. ஒருவருக்குச் சரியாக வந்தது. அடுத்தவருக்கு மணிக்கட்டில் நல்ல ரத்தக்கட்டு, அதோடு விட்டுவிட்டேன்.

வேலை செய்தது, அல்ட்ராசவுண்டில் குறுக்குவாட்டில் பார்த்து ஊசி முனையைத் துரத்தச் சொன்ன அக்காவின் யோசனை. திரையில் ஊசி முனை வெள்ளைப் புள்ளியாகத் தெரிந்ததும் புரோபை (தோலில் வைக்கும் அல்ட்ராசவுண்ட் கருவி) ஒன்றிரண்டு மில்லிமீட்டர் முன்னால் நகர்த்தினால் புள்ளி மறையும். ஊசியைத் தள்ளினால் திரும்ப வரும். இப்படியே தமனியின் நடுவில் ஒரு சென்டிமீட்டர் போன பிறகுதான் கேனுலாவைத் தள்ள வேண்டும். ரத்தத்தைப் பார்த்த உடனே தள்ளியதுதான் என் தப்பு. ஊசி முனை உள்ளே இருந்திருக்கும், கேனுலா முனை வெளியே!

எதிர்பாராதது: மணிக்கட்டை அளவுக்கு மீறிப் பின்பக்கமாக வளைத்துக் கட்டியிருக்கிறேன். அடியில் வைத்த துணிச்சுருளைச் சின்னதாக்கியதும் திரையில் சப்பையாக இருந்த தமனி உருண்டையானது. 45 டிகிரி போதும்.

நாடி நன்றாகத் துடிப்பவர்களுக்கு இன்னமும் விரலை வைத்துத்தான் போடுகிறேன். மெஷினை உருட்டி வருவதற்குள் லைனே போட்டு முடித்துவிடலாம்.