மறு: கரோசிவ் என்பதற்கு 'அரிப்பு' வேண்டாம், 'சதையரி' சரிவருமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

'கரோசிவ்' (corrosive), அதாவது பட்ட இடத்தை, உடலோ உலோகமோ, அரித்து அழிக்கும் பொருள் என்பதற்கு எச்சரிக்கைப் பலகையில் எழுதத் தமிழ்ச் சொல் தேடும் இந்த இழை எங்கெங்கோ போய்விட்டதால், இதை ஏன் ஆரம்பித்தேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். தெரிந்தவர் ஒருவரின் முலாம் பூசும் பட்டறைக்கு எச்சரிக்கைப் பலகைகள் எழுதிக் கொடுத்தேன். காஸ்டிக் சோடா டிரம்முக்கு 'தோலில் அரிப்பு உண்டாக்கும்' என்று எழுதியிருந்தேன், பாடநூலிலும் உலோக அரிப்பு, அரிமானம் என்றுதானே படித்தோம் என்ற தைரியத்தில். டிரம் உருட்டுகிற அண்ணன் அதை வாய்விட்டுப் படித்துவிட்டு, "அரிப்புதானே சார், தேங்காய் எண்ணெய் தடவினா போச்சு" என்றார். கையுறை இரண்டும் அவர் இடுப்பில் செருகிக் கிடந்தன.

அவர்மேல் தப்பே இல்லை. அரிப்பு என்றால் கம்பளிப்பூச்சி, செந்தட்டி, வேர்க்குரு, அவ்வளவுதான். காஸ்டிக் செய்வது வேறு வேலை. கரைசல் கையில் பட்டதும் பல நேரம் எரியக்கூட எரியாது, விரல்களைத் தேய்த்தால் சோப்பு மாதிரி வழுவழு என்றிருக்கும், ஏனென்றால் உண்மையிலேயே தோலின் கொழுப்பு அங்கே சோப்பாகிக்கொண்டிருக்கிறது, வலி தெரிவதற்குள் உள்ளே இறங்கியிருக்கும். இதைச் சொறிச்சல் என்று ஒருவர் நினைத்துக்கொள்ளும்படி எழுதிய தப்பு என்னுடையது.

இனி வந்த யோசனைகளுக்கு.

> எரிசோடா என்று ஏற்கெனவே இருக்கிறதே, எரிதிரவம் என்றே வைக்கலாம்

வேண்டாம் என்பேன். எரிபொருள், எரிவாயு, எரிசாராயம் எல்லாம் தீப்பிடிப்பவை. டேங்கர் லாரியில் எரிதிரவம் என்று எழுதினால் பார்க்கிறவர் பீடியை அணைப்பார், கையுறை போடமாட்டார்.

> திராவகம் என்ற பழைய சொல் போதுமே

எனக்கும் பிடித்த சொல். பொற்கொல்லர்கள் வாயில் ராஜ திராவகம் இன்னும் புழங்குகிறது (ஹைட்ரோகுளோரிக் மூன்று பங்கு, நைட்ரிக் ஒரு பங்கு), 'திராவக வீச்சு' என்று செய்தித்தாளில் வந்தால் யாருக்கும் விளக்கம் தேவைப்படாது. ஆனால் அது அமிலத்துக்கு மட்டும். நம் டிரம்மில் இருப்பதோ காரம், அதுவும் செதில் செதிலாகத் திடப்பொருள். காரம் என்ற சொல்லாவது உதவுமா என்றால், பலகையில் 'கடும் காரம்' என்று போட்டுப் பாருங்கள், ஆந்திரா ஊறுகாய் ஞாபகம்தான் வரும்.

கொறி என்ற வேரிலிருந்து ஆக்கலாம் என்றவர் வாதத்தில் நியாயம் இருக்கிறது, கரோசிவின் இலத்தீன் மூலத்துக்கே கொறிப்பது என்றுதான் பொருள், எலி வகையைக் குறிக்கும் ரோடன்ட்டுக்கும் அதே வேர்தான். ஆனால் நம் ஊரில் கொறிப்பது முறுக்கு. 'புண்ணாக்கி' என்று எழுதியவர் விளையாட்டுக்குத்தான் எழுதினார் என்று நம்புகிறேன், மாட்டுக்கு வைத்துவிடுவார்கள்.

என் யோசனை 'சதையரி'. சதையரிப் பொருள், சதையரித் திரவம். 'தோல் அரிக்கிறது' என்றால் சொறிச்சல், ஆனால் 'சதை அரிக்கிறது' என்று யாரும் சொல்வதில்லை. அதனால் முன்னால் சதை வந்ததும் அரி தன் பழைய பொருளுக்குத் திரும்பிவிடுகிறது, கரையான் மரத்தை அரிப்பதும் ஆறு கரையை அரிப்பதும்தான் மனதில் வரும். 'தோலரி' என்று வைத்தால் இந்த வசதி கிடைக்காது. சதையை அரிந்து போடு என்று ஏவலாக யாராவது படித்தாலும் நஷ்டமில்லை, பயந்தால் சரி. உலோகத்துக்கு உலோக அரிப்பே இருக்கட்டும். ரசாயன ஆபத்துகளைப் படங்களால் காட்டும் ஜி.எச்.எஸ் என்ற உலகப் பொதுக் குறியீட்டு முறையில் ஒரே படத்தில் ஒரு குழாய் உலோகத்தின் மேலும் இன்னொன்று கையின் மேலும் சொட்டுகின்றன, ஆனால் அங்கேயும் அவை இரண்டு தனித்தனி வகைகள்தான். நாம் இரண்டு சொல் வைத்தால் குறையில்லை.

தண்ணீர் அதிகம் கலக்காத அமிலத்தை (concentrated) நாம் 'அடர்' என்பது பற்றி இலங்கை நண்பர் கேட்டிருந்தார். அவர்கள் பாடநூலில் செறிந்த, ஐதான (நீர்த்த) என்று வருவது எனக்கு இப்போது இன்னும் பிடித்திருக்கிறது. நாம் அடர் கந்தக அமிலம் என்று எழுதிவிட்டு, அதே புட்டியில் அடர்த்தி 1.84 என்றும் எழுதினால், படிக்கிறவர் இரண்டும் ஒன்று என்றுதான் நினைப்பார். பலகையில் 'செறிந்தது, 98 சதவீதம்' என்று எண்ணோடு போட்டுவிடலாம். 'வலிமை' மட்டும் வேண்டவே வேண்டாம். பாடநூல் கணக்கில் ஹைட்ரோஃபுளோரிக் வலிமை குறைந்த அமிலம், ஆனால் அது தோலுக்குள் ஊடுருவி எலும்பு வரை போய்க் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும், நீர்த்ததாக இருந்தால் வலியே சில மணி நேரம் கழித்துத்தான் வரும். அந்த அமிலம் புழங்கும் அறையில் அதற்கான முதலுதவியாகக் கால்சியம் குளுக்கோனேட் களிம்பு கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும்.

அப்புறம் இன்னொரு வம்பு. 'அமிலத்தை நீருடன் சேர்க்கவும்' என்று பல பலகைகளில் பார்க்கிறேன். எதை எதற்குள் ஊற்றுவது என்று 'உடன்' சொல்வதே இல்லை. அமிலத்தின் மேல் தண்ணீரை ஊற்றினால், கனம் குறைந்த தண்ணீர் மேலேயே நின்று, கலக்கும் சூட்டில் கொதித்து, அமிலத்தையும் சேர்த்து முகத்தில் அடிக்கும். 'தண்ணீருக்குள் அமிலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்று, கலக்கிக்கொண்டே இரு' என்று எழுதினால் என்ன குறைந்துவிடும்? கலைச்சொல் தேடுகிற நாம் வேற்றுமை உருபில் கோட்டை விடுகிறோம்.

நேற்று புதுப் பலகையின் மாதிரியை அதே அண்ணனிடம் காட்டினேன்: 'சதையரி. கையுறை, கண்ணாடி இல்லாமல் தொடாதே. பட்டால் உடனே குழாய்த் தண்ணீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவு.' இரண்டு முறை படித்தார். "சதை வரைக்கும் போகுமா சார்?" என்றார். போகும் என்றேன். "அப்போ கண்ணுல பட்டா?" என்றார்.

அங்கேதான் சொல் இடறுகிறது, கண்ணைச் சதை என்று யார் நினைப்பார்கள்? 'சதையரி, கண்பறி' என்று இரட்டையாகப் போடலாமா என்று யோசிக்கிறேன், கொஞ்சம் வசனம் மாதிரி இருக்கிறது. வெள்ளிக்கிழமை அச்சுக்குக் கொடுக்க வேண்டும், அதற்குள் இதைவிட நல்லது தோன்றினால் எழுதுங்கள்.