பனி நாட்டுக்குப் போகிறவர்களுக்கு: கரண்ட் போகும் இரவு, பழைய செயின்சா, ஜெனரேட்டர்

பொங்கலுக்குக் கடலூர் வந்தவன் பாதி நாளைச் சித்தப்பாவின் மெஷின் ரிப்பேர் பட்டறையில்தான் கழிக்கிறேன். நேற்று அங்கே இரண்டு தம்பிகள் வந்தார்கள், ஒருவர் நெல்லிக்குப்பம், இன்னொருவர் மஞ்சக்குப்பம், இருவரும் அடுத்த மாதம் கனடா போகிறார்கள். வாடகை, வேலை, என்ன ஜாக்கெட் வாங்குவது என்று எல்லாம் கேட்டார்கள். கரண்ட் போனால் என்ன செய்வது என்று மட்டும் கேட்கவில்லை. அந்த நாட்டில் கரண்ட் போகாது என்று நினைத்துத்தான் நாம் எல்லோரும் விமானம் ஏறுகிறோம், 2012-ல் நானும் அப்படித்தான் ஏறினேன். அவர்களிடம் சொன்னதை இங்கேயும் எழுதி வைக்கிறேன், போகப்போகிற மற்றவர்களுக்கும் உதவும்.

அங்கே கரண்டைக் கொண்டுபோவது பெரும்பாலும் ஐஸ். மழை தரையைத் தொட்டதும் உறைந்து, கிளையிலும் கம்பியிலும் கண்ணாடி போலப் படிந்துகொண்டே இருக்கும், கனம் தாங்காமல் கிளை முறிந்து கம்பி மேல் விழும். 1998 ஜனவரியில் கிழக்கு ஒன்டாரியோவிலும் கியூபெக்கிலும் அப்படி அடித்தபோது சில ஊர்களுக்கு ஒரு மாதம் வரை கரண்ட் வரவில்லை. 2013 டிசம்பரில் டொரோன்டோவில் நடந்ததை நானே அனுபவித்தேன். கேஸ் ஹீட்டர்தானே, கரண்ட் போனாலும் ஓடும் என்று நினைக்காதீர்கள். கேஸ் வந்துகொண்டுதான் இருக்கும், ஆனால் வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸின் விசிறியும் பற்றவைக்கும் பகுதியும் கரண்டில்தான் ஓடுகின்றன. ஃபர்னஸ் நின்று, வெளியே குளிர் கடுமையாகவும் இருந்தால் தண்ணீர்க் குழாய் உறைந்து வெடிக்கும்.

2013-ல் நான் டொரோன்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் ஒரு வீட்டின் பேஸ்மென்டில், அதாவது தரைக்குக் கீழே உள்ள தளத்தில், வாடகைக்கு இருந்தேன். மேலே வீட்டுக்கார அண்ணா, யாழ்ப்பாணத்துக்காரர், தங்கமான மனிதர். டிசம்பர் 22 ஞாயிற்றுக்கிழமை கரண்ட் போனதும் ஜெனரேட்டரை எடுத்துக் கராஜுக்குள் வைத்து, கதவைப் பாதி தூக்கிவிட்டு ஓட்டினார். வெளியே வைக்கலாமே அண்ணா என்றேன். "வெளியில வச்சா களவெடுத்துப் போடுவாங்கள் தம்பி" என்றார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. ராத்திரி தலை வலித்தது, டீ குடிக்காததால் என்று நினைத்தேன். அப்புறம் வாந்தி வருவது போல இருந்தது. படிக்கட்டுப் பக்கம் சுவரில் இருந்த சின்ன வெள்ளைப் பெட்டி கத்த ஆரம்பித்தது. அது கார்பன் மோனாக்சைடு அலாரம் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். மேலே ஓடினேன், அண்ணாவின் இரண்டு பிள்ளைகளும் சோபாவில் எழுப்ப எழுப்ப எழாமல் கிடந்தார்கள். தூக்கிக்கொண்டு பனியில் நின்றோம். தீயணைப்புக்காரர்கள் மீட்டரோடு வந்து ஒவ்வொரு ஜன்னலாகத் திறந்தார்கள். எல்லோரும் பிழைத்தோம். அந்த அலாரத்தில் பேட்டரி இல்லாமல் இருந்திருந்தால் இதை எழுத நான் இல்லை.

நம் ஊர்ப் பழக்கம் அங்கே ஏன் ஆபத்தாகிறது என்றால், இங்கே வீடு காற்றாடும். பின்கட்டிலோ திண்ணையிலோ ஜெனரேட்டர் ஓடினால் புகை கலைந்துவிடும். அங்கே குளிருக்காக வீட்டைப் பெட்டி போல அடைத்துக் கட்டியிருக்கிறார்கள், உள்ளே வந்த புகை போகாது. புகையில் இருக்கும் அந்தக் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமும் கிடையாது, வாடையும் கிடையாது. கராஜ் கதவைப் பாதி திறந்தாலும் முழுசாகத் திறந்தாலும் பலன் இல்லை. வீட்டிலிருந்து குறைந்தது 6 மீட்டர் தள்ளி, சைலன்சர் வாய் வீட்டைப் பார்க்காமல், ஜன்னலுக்கும் கதவுக்கும் எதிர்ப்பக்கமாக வையுங்கள். திருட்டுப் பயமா, தடித்த சங்கிலி வாங்கி மரத்தோடு சேர்த்துப் பூட்டுங்கள். பேஸ்மென்டில் குடியேறப்போகும் தம்பிகளே, முதல் நாள் பெட்டியை இறக்கி வைத்ததும் அந்த அலாரம் எங்கே இருக்கிறது என்று தேடுங்கள், பட்டனை அழுத்திச் சத்தம் வருகிறதா பாருங்கள். இல்லையென்றால் வீட்டுக்காரரிடம் கேளுங்கள், கூச்சப்படாதீர்கள். தராவிட்டால் உங்கள் காசிலேயே ஒன்று வாங்கி மாட்டுங்கள்.

வாடகைக்கு இருக்கும்வரை ஜெனரேட்டர் உங்கள் கவலை இல்லை. அபார்ட்மென்ட் பால்கனியில் வைத்து ஓட்டவே கூடாது. டார்ச், போர்வை, போனுக்கும் லேப்டாப்புக்கும் ஒரு பேட்டரி பெட்டி, அது போதும். ஃபிரிட்ஜைத் திறக்காமல் வைத்தால் உள்ளே இருப்பது 4 மணி நேரம் தாங்கும், நிறைந்த ஃப்ரீசர் 48 மணி நேரம்.

வீடு வாங்கி, அதிலும் ஊருக்கு வெளியே மரம் உள்ள இடமாக வாங்கினால்தான் செயின்சா, அதாவது மரம் அறுக்கும் மெஷின், பேச்சே வரும். எனக்கு அந்த வேலை பழக்கமானது கடலூரில்தான். 2011 டிசம்பர் 30 விடியற்காலை தானே புயல் நமக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரை ஏறியதை மறக்க முடியாது. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்து கிடந்தன. சித்தப்பா பட்டறையில் அதுவரை பம்ப் செட்டும் மருந்தடிக்கும் மெஷினும்தான் வரும். ஜனவரி முழுக்க மரம் அறுக்கும் மெஷின்தான் வந்தது. பலாப் பால் செயின் முழுக்க ஒட்டி, தூளோடு சேர்ந்து கறுப்பு ரப்பர் போல இறுகியிருக்கும், செயினை ஓட்டும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட் சுற்றவே சுற்றாது. தேங்காய் எண்ணெய் தடவி ஊறவிட்டு, அப்புறம் மண்ணெண்ணெயில் பிரஷ் போட்டுக் கழுவுவோம். எங்கள் தெருவுக்கே 12 நாள் கரண்ட் இல்லை. பந்தல்காரர் ஜெனரேட்டரை வண்டியில் ஏற்றித் தெருத்தெருவாகப் போய், காசு வாங்கிக்கொண்டு மேல்தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றிக் கொடுத்தார். ஒரு மெஷின் ஒரு தெருவையே காப்பாற்றும் என்று அன்றைக்குப் பார்த்தேன்.

அதனால் ஒன்டாரியோவில் பீட்டர்பரோ பக்கம் வீடு வாங்கியதும் பழைய செயின்சா தேட ஆரம்பித்தேன். புதுசு வாங்காதீர்கள் என்று சொல்லவில்லை. ஆனால் வசதி குறைவான முதல் சில வருடங்களில், ஸ்டில், ஹஸ்க்வர்ணா போன்ற கம்பெனிகளின் நல்ல பழைய மெஷின், கடையில் கிடைக்கும் மலிவான புதுசைவிட நெடுநாள் உழைக்கும், உதிரிபாகமும் கிடைக்கும். ஓடவில்லை என்று கராஜ் சேலில், அதாவது வீட்டு வாசலில் நடக்கும் பழைய சாமான் விற்பனையில், போடுகிறவற்றில் பாதிக்கு மேல் கெட்ட பெட்ரோல்தான் வியாதி. முதலில் ஒன்றை 40 டாலருக்கு வாங்கி ஏமாந்தேன், உள்ளே பிஸ்டன் தேய்ந்து கோடு கோடாக இருந்தது. அதிலிருந்து வாங்குவதற்கு முன் இரண்டு காரியம் செய்கிறேன். ஸ்டார்ட்டர் கைப்பிடியைப் பிடித்து மெஷினைத் தொங்கவிடுவேன். கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்றை அழுத்தும் பலம், இருந்தால் அது தயங்கித் தயங்கி இறங்கும், சரசரவென்று இறங்கினால் திருப்பிக் கொடுத்துவிடலாம். அப்புறம், விற்பவர் சம்மதித்தால், சைலன்சரைக் கழற்றி அந்த ஓட்டை வழியாக டார்ச் அடித்து பிஸ்டனைப் பார்ப்பேன். மழமழவென்று இருந்தால் தைரியமாக வாங்கலாம்.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் டேங்க் மூடியைத் திறந்து முகருங்கள். பழைய பெட்ரோல் வார்னிஷ் வாடை அடிக்கும், கொட்டிவிடுங்கள், தெருச் சாக்கடையில் வேண்டாம், அபாயக் கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள். கயிற்றை நாலு தடவை இழுத்துவிட்டு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். காய்ந்திருந்தால் பெட்ரோல் வந்து சேரவில்லை. நனைந்திருந்தும் ஓடவில்லை என்றால் ஸ்பார்க்கைப் பாருங்கள். பெட்ரோல் வராததற்கு முதல் காரணம் டேங்குக்குள் இருக்கும் சின்னக் குழாய், எத்தனால் கலந்த பெட்ரோலில் கிடந்து அது பழைய ரப்பர் பேண்ட் போல விரலிலேயே பிய்ந்து வரும். குழாயையும் அதன் நுனியில் இருக்கும் ஃபில்டரையும் மாற்றுங்கள், விலை அதிகம் இல்லை. அடுத்தது கார்புரேட்டர். மூடியைத் திறந்தால் உள்ளே டயாஃப்ரம் என்ற மெல்லிய சவ்வு இருக்கும், வாழைக் குருத்து போல மெத்தென்று வளைய வேண்டும், அப்பளம் போல மொடமொடவென்று இருந்தால் புது கிட் போடுங்கள். உள்ளே வட்டமாக ஒரு குட்டி வலை, அதில்தான் அழுக்கு நிற்கும். ஸ்ப்ரே அடித்துக் கழுவுங்கள், கம்பி விட்டுக் குத்தாதீர்கள். ஸ்டார்ட் ஆகியும் வேகம் ஏறவில்லை என்றால் சைலன்சர் வாயில் இருக்கும் வலையைப் பாருங்கள், கரி அடைத்திருக்கும்.

கலவை, நம் பழைய டிவிஎஸ் 50-க்கு ஊற்றிய மாதிரிதான். இன்றைய மெஷின்களுக்குப் பெரும்பாலும் 50-க்கு 1, அதாவது 5 லிட்டர் பெட்ரோலுக்கு 100 மில்லி டூ ஸ்ட்ரோக் ஆயில். மிகப் பழைய மெஷினுக்கு அளவு வேறாக இருக்கும், மூடியிலோ புத்தகத்திலோ எழுதியிருப்பதைப் பாருங்கள். ஆயில் இல்லாமல் வெறும் பெட்ரோலில் சில நிமிடம் ஓட்டினாலே பிஸ்டன் போய்விடும்.

செயினின் கூர்மைக்கு ஒரே அடையாளம், கீழே விழும் தூள். தேங்காய்த் துருவல் போல விழுந்தால் கூராக இருக்கிறது. மாவு போலக் கொட்டினால் அரம் போட வேண்டும். மழுங்கிய செயினோடு அழுத்தி அறுக்கிறவர்கள்தான் அடிபடுகிறார்கள். தோளுக்கு மேலே தூக்கி அறுக்காதீர்கள், செயின் சுற்றி ஓடும் நீளத் தகடான பாரின் மேல் நுனி மரத்தில் படவே கூடாது, பட்டால் மெஷின் முகத்தை நோக்கித் திரும்பும். ஹெல்மெட், காதுக்கு மூடி, காலுக்குச் செயின்சா வேலைக்கென்றே இருக்கும் தடித்த உறை, மூன்றும் இல்லாமல் கயிற்றை இழுக்க வேண்டாம். கம்பி மேல் சாய்ந்த மரத்தின் பக்கமே போகாதீர்கள். வேரோடு சாய்ந்த மரத்தை அறுத்தால் வேர்க்கட்டி மண்ணோடு சட்டென்று எழுந்து நிற்கும், தானேக்குப் பிறகு ஒரு பலா மரம் அப்படி எழுந்ததைப் பார்த்திருக்கிறேன், பள்ளத்துக்குள் யாரும் இல்லாதது எங்கள் புண்ணியம்.

2022 மே 21 சனிக்கிழமை ஒன்டாரியோவில் பெரும் காற்று வரிசையாக அடித்துப் போனது, எங்கள் சாலையில் மரங்கள் குறுக்கே விழுந்தன. செயின்சா இரண்டாவது இழுப்பில் எழுந்தது. ஆனால் ஜெனரேட்டர் எழவில்லை. எட்டு மாதமாக அதைத் தொடவில்லை, கார்புரேட்டர் கிண்ணத்தில் இருந்த பெட்ரோல் பிசினாகி, பெட்ரோல் போகும் குட்டி ஓட்டையான ஜெட்டை அடைத்துவிட்டது. இருட்டில் டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு கிண்ணத்தைக் கழற்றிக் கழுவி ஓட வைக்க இரண்டு மணி நேரம் ஆனது, கீழே பேஸ்மென்டில் ஊறும் தண்ணீரை வெளியேற்றும் சம்ப் பம்ப் நின்று தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து மாதம் ஒரு ஞாயிறு, அரை மணி நேரம், ஒரு ஹீட்டரை மாட்டி லோடோடு ஓட்டுகிறேன். நிறுத்தும்போது சுவிட்சை அணைப்பதில்லை, பெட்ரோல் வால்வை மூடிவிட்டு, கிண்ணம் காலியாகித் தானாக நிற்கும்வரை விடுகிறேன். குளிருக்கு 5டபிள்யூ-30 ஆயில் ஊற்றுங்கள், இங்கே நாம் போடும் 20டபிள்யூ-40 அந்தக் குளிரில் தேன் போலக் கெட்டியாகிக் கயிறே இழுபடாது.

எவ்வளவு பெரியது வாங்குவது என்று கேட்டால், ஓடும்போது எடுப்பதைவிடக் கிளம்பும்போது எடுப்பதைப் பாருங்கள். ஃபிரிட்ஜ் ஓடும்போது 200 வாட்தான், கிளம்பும் நொடியில் ஆயிரத்தைத் தாண்டலாம். சம்ப் பம்பும் அப்படியே. ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் போடாமல் மாற்றி மாற்றி ஓட்டினால் 2000 வாட் இன்வெர்ட்டர் ஜெனரேட்டரிலேயே (நம் வீட்டு பேட்டரி இன்வெர்ட்டர் இல்லை, பெட்ரோலில் ஓடுவது) ஃபிரிட்ஜ், விளக்கு, போன், சின்ன பம்ப் பார்த்துக்கொள்ளலாம்.

இன்னொன்றைக் கெஞ்சிக் கேட்கிறேன். இரண்டு பக்கமும் ஆண் பின் வைத்த ஒயரைச் செய்து, துணி உலர்த்தும் மெஷினுக்கான சுவர் சாக்கெட்டில் சொருகி வீடு முழுக்க கரண்ட் கொடுக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். செய்யாதீர்கள். அந்தக் கரண்ட் தெரு டிரான்ஸ்ஃபார்மருக்குப் போய்ப் பல ஆயிரம் வோல்ட்டாக ஏறும், லைன் செத்துப்போயிருக்கிறது என்று நம்பிக் கம்பத்தில் கை வைத்திருக்கும் ஊழியர் அங்கேயே போய்விடுவார். லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனை வைத்து, தெரு லைனைத் துண்டித்து வீட்டை ஜெனரேட்டருக்கு மாற்றும் டிரான்ஸ்ஃபர் சுவிட்ச் போடுங்கள். செலவுதான், போடும்வரை தடித்த எக்ஸ்டென்ஷன் ஒயரில் ஃபிரிட்ஜை நேரடியாக ஓட்டுங்கள்.

நெல்லிக்குப்பத்துத் தம்பி சித்தப்பாவின் பழைய மெஷினைக் கையோடு கொண்டுபோகலாமா என்று கேட்டார். வேண்டாம். பெட்ரோல் வாடை இருந்தாலே விமானத்தில் ஏற்ற மாட்டார்கள், இங்கே இருக்கும் ஜெனரேட்டரோ 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், அங்கே 120, 60. ஆனால் செயினைக் கூராக்கும் உருட்டு அரம் கொண்டுபோகலாம், பெட்டியில் போட்டு லக்கேஜில் அனுப்பிவிடுங்கள். 4, 4.8, 5.5 மில்லிமீட்டர் என்று மூன்று எடுத்துக்கொண்டால் வீட்டு உபயோகச் செயின்கள் பெரும்பாலானவற்றுக்கு அவற்றில் ஒன்று பொருந்தும். சித்தப்பா கைப்பிடி போட்டு மூன்றையும் துணியில் சுற்றி வைத்திருக்கிறார், தம்பி சனிக்கிழமை வந்து வாங்கிக்கொள்ள வேண்டும்.