கேரி தன் மனைவியை வங்காளத்துக்கு அழைத்துவந்தது சரியா?

கரையோரம்:
இங்கிலாந்திலிருந்து வங்காளத்துக்கு வந்த மிஷனரி வில்லியம் கேரியைப் பற்றிப் பேசும்போதெல்லாம் கல்கத்தாவுக்கு அருகே செராம்பூரில் இருந்த அச்சகம், 1801இல் வந்த வங்காளப் புதிய ஏற்பாடு, உடன்கட்டை ஏறும் வழக்கத்தின் ஒழிப்பு என்று அடுக்குகிறோம். அவர் மனைவி டாரதியின் பேச்சை யாரும் எடுப்பதில்லை. 1793இல் டாரதி வரமாட்டேன் என்று தெளிவாகச் சொன்னவர். அப்போது நிறைமாத கர்ப்பிணி. கேரி மூத்த மகன் ஃபீலிக்ஸை மட்டும் கூட்டிக்கொண்டு கப்பலேறிவிட்டார். கிழக்கிந்தியக் கம்பெனியின் அனுமதி இல்லாததால் கப்பலிலிருந்து இறங்க வேண்டி வந்தது, வீடு திரும்பினார். குழந்தை பிறந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. கூட வந்த மருத்துவர் ஜான் தாமஸ், இப்போது வராவிட்டால் குடும்பம் நிரந்தரமாகப் பிரிந்துபோகும், சாகும்வரை வருந்துவாய் என்று டாரதியிடம் பேசினார். தங்கை கிட்டியும் வந்தால் வருகிறேன் என்றார் டாரதி. இதைச் சம்மதம் என்று என்னால் ஏற்க முடியவில்லை. கேரி செய்தது தவறு.

விதைப்பவன்:
சரி ஐயா, அவர் வேறு என்ன செய்திருக்க வேண்டும்? தனியாக வந்திருந்தால், பெண்டாட்டி பிள்ளைகளைக் கைவிட்டவர் என்று எழுதியிருப்பீர்கள். போகவே ஐந்து மாதக் கடல் பயணம், கடிதத்துக்குப் பதில் வர ஒரு வருஷம் ஆகிற காலம் அது. பின்னால் டாரதிக்கு மனநோய் முற்றியபோது, காப்பகத்தில் சேர்க்கச் சொன்னவர்கள் இருந்தார்கள். கேரி இணங்கவில்லை. 1807 டிசம்பரில் டாரதி இறக்கும்வரை தன் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டார். இதையும் கணக்கில் எடுங்கள்.

கரையோரம்:
எடுக்கிறேன். ஆனால் நோய் எங்கிருந்து வந்தது என்பதையும் பார்க்கவேண்டும். வந்து இறங்கிய சில மாதங்களிலேயே கையில் காசில்லை. ரொட்டிகூட இல்லாத காட்டில் வாழவேண்டியிருக்கிறதே என்று மனைவியும் அவர் தங்கையும் குறைப்படுவதை 1794 தொடக்கத்தில் கேரியே நாட்குறிப்பில் எழுதுகிறார். ஊழியத்தின் அருமை தனக்குத் தெரிவதுபோல் அவர்களுக்குத் தெரியவில்லை என்பது அவர் வருத்தம். வரமாட்டேன் என்றுதானே அந்த அம்மாள் முதலிலேயே சொன்னார்! அதே வருஷம் வட வங்காளத்து முத்னாபட்டியில் அவர்கள் மகன், ஐந்து வயது பீட்டர் வயிற்றுக்கடுப்பில் இறந்தான். குழி வெட்டக்கூட ஆள் கிடைப்பது பெரும் பாடாக இருந்தது. அதற்கு அடுத்த வருஷமே டாரதியின் மனம் நிலைகுலைந்துவிட்டது. கணவர் வேறு பெண்களோடு போகிறார் என்ற சந்தேகம் பிடித்து, தெருவில் பின்தொடர்ந்து கத்துகிற அளவுக்குப் போனது.

பணித்தளத்துப் பிள்ளை:
நானும் ஊழியக் குடும்பத்தில் பிறந்து அயல்நாட்டில் வளர்ந்தவள். இந்த விவாதத்தில் பிள்ளைகளை இரண்டு பேருமே விட்டுவிட்டீர்கள்.

1800 டிசம்பர் 28. செராம்பூரில் முதன்முதலாக ஒரு வங்காளி, கிருஷ்ண பால், ஹூக்ளி நதியில் ஞானஸ்நானம் பெற்ற நாள். ஃபீலிக்ஸும் அன்றுதான் பெற்றான். பாதையின் ஒரு பக்கம் அடைத்துவைத்த அறையிலிருந்து டாரதியின் அலறல். எதிர்ப்பக்கம், அவரை வரச்சொல்லிப் பேசிய அதே ஜான் தாமஸ், தானும் புத்தி கலங்கிக் கூச்சலிட்டுக்கொண்டிருக்கிறார். தன் அம்மாவின் குரலைக் கேட்டுக்கொண்டே அந்தப் பையன் தண்ணீரில் இறங்கியிருக்கிறான். நாம் இதை வெற்றியின் நாள் என்று மட்டும் சொல்லிக்கொடுக்கிறோம். அந்தப் பிள்ளைகளைக் கவனித்து வளர்த்ததில், செராம்பூரில் கூட ஊழியம் செய்த ஹானா மார்ஷ்மனுக்கும் வில்லியம் வார்டுக்கும் பெரிய பங்கு உண்டு. அப்பா மொழிபெயர்ப்பில் மூழ்கியிருந்தார்.

விதைப்பவன்:
அக்கா, உங்கள் வேதனை புரிகிறது. ஆனாலும் கேளுங்கள். ஃபீலிக்ஸ் பர்மாவுக்கு, வில்லியம் வங்காளத்திலேயே கட்வாவுக்கு, ஜேபஸ் இன்றைய இந்தோனேசியாவின் அம்போன் தீவுக்கு என்று மூன்று மகன்கள் ஊழியத்துக்குப் போனார்கள். அப்பாவை வெறுத்த பிள்ளைகள் அதே வழியில் போவார்களா?

பணித்தளத்துப் பிள்ளை:
வெறுத்தார்கள் என்று நான் சொல்லவே இல்லை தம்பி. நானும் என் அப்பாவை வெறுக்கவில்லை. வேறு வழி எதுவும் தெரியாமல் வளர்ந்த பிள்ளை அதே வழியில் போவதை வைத்து, அதன் மனதில் காயமில்லை என்று நீங்கள் முடிவுகட்டக் கூடாது. ஃபீலிக்ஸின் மனைவியும் பிள்ளைகளும் 1814இல் ஐராவதி ஆற்றில் படகு கவிழ்ந்து இறந்துபோனார்கள். அவர் ஊழியத்தை விட்டு பர்மிய அரசரின் தூதராகவும் இருந்து, பல வருஷம் அலைந்து கடைசியில் செராம்பூருக்கே திரும்பினார்.

கூடாரம்:
இதே காலத்து இன்னொரு குடும்பத்தைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பர்மாவில் ஊழியம் செய்த அமெரிக்க மிஷனரி அதோனிராம் ஜட்சன் கல்யாணத்துக்கு முன் ஆன் ஹாசெல்டைனின் அப்பாவுக்குக் கடிதம் எழுதினார். உங்கள் மகளை இந்த உலகில் மறுபடி பார்க்காமலே போகலாம், கடலும் நோயும் துன்புறுத்தலும் உண்டு, கொல்லப்படவும் கூடும், சம்மதமா என்று ஒளிக்காமல் கேட்டார். அப்பா முடிவை மகளிடமே விட்டார். 1812இல் கல்யாணமான சில நாட்களில் இருவரும் கப்பலேறினார்கள். பர்மியத் தலைநகரான ஆவாவில் ஜட்சன் சிறையில் கிடந்தபோது, கைக்குழந்தையோடு அதிகாரிகளிடம் அலைந்து அவருக்குச் சாப்பாடு கொண்டுபோனவர் ஆன். 1826இல் அவர் இறந்தார், அடுத்த வருஷம் குழந்தையும். டாரதியைவிடக் குறைவான துன்பம் என்று யார் சொல்வது? ஆனால் அந்தப் பாதையை ஆன் தெரிந்தே எடுத்தார். எனக்கு இந்த வித்தியாசம் போதும்.

விதைப்பவன்:
நல்ல உதாரணம்தான். ஆனால் ஆன் போனது கல்யாணத்துக்கு முன் கேட்கப்பட்டு. டாரதி 1781இல் கல்யாணம் செய்தது ஒரு செருப்புத் தொழிலாளியை. கணவருக்கு அழைப்பு பிறகுதான் வந்தது. அப்படி வந்தால், மனைவிக்கு விருப்பமில்லை என்று உட்கார்ந்துவிடுவதா? கேரி அப்படி உட்கார்ந்திருந்தால் அந்த வங்காள வேதாகமம் எங்கே?

கரையோரம்:
கொஞ்ச காலம் பொறுத்திருக்கலாம். ஒரு வருஷம், இரண்டு வருஷம். குழந்தை நடக்கட்டும், டாரதி யோசிக்கட்டும் என்று. கடவுள் அழைத்தது மெய்யென்றால் இரண்டு வருஷத்தில் அழைப்பு காலாவதியாகிவிடாது. தன் வீட்டை நடத்தத் தெரியாதவன் சபையை எப்படி விசாரிப்பான் என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதியது மிஷனரிக்கும் சேர்த்துத்தான்.

விதைப்பவன்:
பொறுத்திருக்கலாம் என்பதை ஏற்கிறேன். தவறு என்று தீர்ப்பெழுத இன்னும் மனமில்லை. அன்றைக்கு கேரியை அனுப்பிய மிஷனரி சங்கத்துக்கும் இதில் பொறுப்பு உண்டு. 1792இல் தொடங்கி ஒரு வருஷம்கூட ஆகாத சங்கம், அந்த வீட்டுப் பெண்ணுக்காக என்ன ஏற்பாடு செய்தது?

பணித்தளத்துப் பிள்ளை:
அந்தக் கேள்வியை இன்றைய சங்கங்களிடமும் கேளுங்கள். குடும்பத்தை அனுப்பும் முன் மனைவியைத் தனியாக உட்காரவைத்துப் பேசவேண்டும், கணவர் அந்த அறையில் இருக்கக் கூடாது. பத்து வயது தாண்டிய பிள்ளை இருந்தால் அதனிடமும் பேசவேண்டும். நடுவில் திரும்பி வர நினைத்தால் பயணச் செலவு, வீடு, பள்ளிச் சேர்க்கை எல்லாம் முன்கூட்டியே எழுத்தில் இருக்கவேண்டும். எங்களை அனுப்பியவர்கள் என் அம்மாவிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.