‘புற்றுநோய்த் தடுப்பூசி’ வேண்டாம், ‘பயிற்றணு’ சரிப்படுமா?

எல்லோருக்கும் வணக்கம்.

நோயாளியின் நோயெதிர்ப்பு அணுக்களை வெளியே எடுத்து, புற்றை அடையாளம் காணப் பழக்கித் திரும்ப ஏற்றும் சிகிச்சைக்குத் தமிழில் என்ன பெயர் என்று நம் கலைச்சொல் குழுவில் பேசிக்கொண்டிருக்கிறோம். பத்திரிகைகளில் வருகிறதே, ‘தனிநபர் புற்றுநோய்த் தடுப்பூசி’ என்றே இருக்கட்டும் என்கிறார் குழுவிலுள்ள மன்னார்குடி ஐயா. எனக்கு அதில் ‘தடுப்பு’தான் உதைக்கிறது. கும்பகோணத்தில் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறேன். வாய்ப்புற்று வந்த அம்மாவைக் கூட்டிக்கொண்டு பாபநாசத்திலிருந்து வந்த ஒரு பெண் போனில் இந்தச் செய்தியைக் காட்டி, “இத நானும் தங்கச்சியும் போட்டுக்கிட்டா எங்களுக்கு வராதுல்ல சார்?” என்று கேட்டது. கேட்டதில் தப்பே இல்லை, தடுப்பூசி என்றால் வருமுன் போடுவது என்று போலியோ காலத்திலிருந்து நாம்தானே சொல்லிக்கொடுத்தோம். கருப்பைவாய்ப் புற்றுக்கு நிஜமாகவே தடுக்கும் எச்.பி.வி. ஊசி வேறு இருக்கிறது. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் குழப்பம் நம்மால்தான்.

நாம் பேசுவது வந்த பிறகு கொடுப்பது. அமெரிக்காவில் 2010இல் அனுமதி பெற்ற சிப்புலூசெல்-டி என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். நோயாளியின் ரத்தத்தை இயந்திரத்துக்குள் ஓட்டி, வெள்ளையணுக்களில் ஒரு பகுதியை மட்டும் பிரித்துக்கொண்டு மீதியைத் திரும்ப உடம்புக்கே விடுவார்கள் (தட்டணு தானம் கொடுத்தவர்களுக்கு இந்த மெஷின் பழக்கம்). பிரித்த அணுக்களைப் புராஸ்டேட் புற்றில் இருக்கும் ஒரு புரதத்தோடு சேர்த்து இரண்டு நாள் போல வைத்திருந்து, அதே ஆளுக்கு டிரிப்பில் ஏற்றுவார்கள். சுமார் இரண்டு வார இடைவெளியில் மூன்று தடவை. 512 பேரிடம் நடந்த சோதனையில் இடைநிலை ஆயுள் (பாதிப் பேர் உயிரோடிருந்த காலம்) 21.7 மாதத்திலிருந்து 25.8 மாதம் ஆனது, ஆனால் நோய் வளர்வதை அது தள்ளிப்போடவில்லை. நான்கு மாதக் கணக்கை வைத்துக்கொண்டு ‘தடுப்பு’ என்று ஆசை காட்ட எனக்கு மனம் வரவில்லை.

சரி, என்ன பெயர் வைப்பது? தஞ்சாவூர்த் தங்கை ‘நாற்றணு’ என்று எழுதியிருந்தார், நாற்றங்காலில் விட்டுப் பறித்து வேறு வயலில் நடுகிற மாதிரி என்று. டெல்டாக்காரனுக்குப் பிடிக்காமல் போகுமா? ஆனால் காதில் ‘நாற்றம்’தான் விழுகிறது, அதோடு இங்கே அணுக்கள் வளர்ந்து பெருகுவது முக்கியமில்லை, எதிரியை அடையாளம் காணப் பழக்குவதுதான் வேலை.

அதனால் ‘பயிற்றணு’. வெள்ளையணு, சிவப்பணு, டெங்கு வந்ததிலிருந்து தட்டணு என்று ரத்தத்தில் ‘அணு’ ஏற்கெனவே ஊருக்கே தெரியும், யாரும் அணுகுண்டை நினைக்க மாட்டார்கள். ஊறுகாய் போல இதுவும் வினைத்தொகை: பயிற்றிய அணு, பயிற்றும் அணு, இரண்டும் பொருந்தும். உடம்புக்கு வெளியே நாம் பயிற்றியது, உள்ளே போய், புற்றை அடிக்கும் வெள்ளையணுக்களான டி-அணுக்களுக்குப் பயிற்றுகிறது. அந்த வேலையைச் செய்வது முக்கியமாகக் கிளையணு (டென்ட்ரிடிக் செல்), 1973இல் விஞ்ஞானி ரால்ஃப் ஸ்டைன்மன் விவரித்தது. அவர் தன் கணையப் புற்றுக்கே கிளையணுச் சிகிச்சையை எடுத்துக்கொண்டவர். 2011இல் அவருக்கு நோபல் அறிவிக்கப்படுவதற்கு மூன்று நாள் முன்பு இறந்துபோனார். பயற்றங்காய் ஞாபகம் வருகிறது என்று யாராவது கட்டாயம் கிண்டல் செய்வீர்கள், வரட்டும்.

ஆனால் எல்லாவற்றுக்கும் இதை ஒட்டிவிடாதீர்கள். 2023இல் இந்தியாவில் அனுமதி பெற்ற நெக்ஸ்கார்19 என்ற ரத்தப்புற்றுச் சிகிச்சையில் டி-அணுவின் மரபணுவையே மாற்றிவிடுகிறார்கள், அது நேராகப் போய் அடிக்கிறது, யாருக்கும் பாடம் எடுப்பதில்லை. எம்.ஆர்.என்.ஏ. வகையில் (புரதம் செய்வதற்கான குறிப்பை ஊசியில் கொடுப்பது) நோயாளியின் நோயெதிர்ப்பு அணுவை வெளியே எடுப்பதே இல்லை. கட்டியின் மரபணுவைப் படித்து, அதற்கே உரிய அடையாளங்களை (மாடர்னா-மெர்க் தயாரிப்பில் அதிகபட்சம் 34) எழுதி ஊசியில் போடுகிறார்கள். அந்த நிறுவனங்களே இப்போது ‘சிகிச்சை’ என்றுதான் சொல்கிறார்கள்.

ஆட்சேபம் இருந்தால் சொல்லுங்கள் ஐயா. இல்லையென்றால் ‘பயிற்றணுச் சிகிச்சை’ என்று, நடுவில் அந்த ‘ச்’ விட்டுப்போகாமல், நம் கலைச்சொல் பட்டியலில் ஏற்றிவிடலாம். அந்த 34 அடையாளங்களுக்கு ‘புற்றுக்குறி’ என்று ஒன்று யோசித்திருக்கிறேன், அதைத் தனி இழையில் வைத்துக்கொள்வோம்.