ஆண் துணையில்லாமல் கோர்ன் பாம்பு முட்டை போட்டிருக்கு: என்ன செய்யலாம்?

வெள்ளவத்தை வாசி:
வளர்ந்த பிறகு வாங்கின கோர்ன் பாம்பு (வீட்டில வளர்க்கிற விஷமில்லாத அமெரிக்கப் பாம்பு). இங்க ஆணோட விட்டதே இல்லை. இப்ப ஈரப்பாசிப் பெட்டிக்குள்ள முட்டை போட்டிருக்கு. சிலது வெள்ளை, சிலது மஞ்சளாச் சிறுத்துக் கிடக்கு. எறியலாமா?

தெஹிவளை ஊர்வன:
அவசரப்படாதேங்கோ. பெண் பாம்பு விந்தை உடம்புக்குள்ள மாதக்கணக்காச் சேமிச்சு வைச்சிருக்கும். முந்தின வீட்டில என்ன நடந்ததெண்டு உங்களுக்குத் தெரியாது. மெழுகுக் கட்டி போல இறுகின மஞ்சள் முட்டை வெறும் முட்டைதான். உப்பின வெள்ளை முட்டையளை மட்டும் சோதியுங்கோ. எடுக்க முதல் மேல்பக்கத்தில பென்சிலால புள்ளி வையுங்கோ, உருட்டவே கூடாது. ஒட்டியிருந்தால் பிரிக்கவேண்டாம். வெர்மிகுலைட்டும் (ஈரத்தைப் பிடிச்சு வைக்கிற கனிமத் துகள்) தண்ணியும் சம எடைக்குக் கலந்து மூடின பெட்டியில 27–29 பாகை செல்சியஸில வையுங்கோ. கொழும்பில ஹீற்றர் தேவைப்படாது, மத்தியானச் சூடுதான் எதிரி. 32 பாகையைத் தாண்ட விடாதேங்கோ. ஒரு கிழமை கழிய, இருட்டறையில டோர்ச்சை முட்டையோட ஒட்டிப் பிடியுங்கோ. சிவப்பு நரம்பு ஓடினால் கரு இருக்கு. வெறும் மஞ்சள் வெளிச்சமெண்டால் இல்லை.

மருதானை:
முட்டையை விடத் தாய்தான் முக்கியம். கருக்கட்டாத முட்டைதான் கூடுதலா உள்ள சிக்கும். வயிற்றின் கடைசி மூன்றிலொரு பங்கை விரல் நுனியால மெதுவாத் தடவுங்கோ. கட்டி தட்டுப்பட்டு, கடைசி முட்டை வந்து 48 மணித்தியாலத்துக்குள்ள அது வெளிவராட்டில் ஊர்வன பார்க்கிற மிருக வைத்தியரிட்டக் கொண்டுபோங்கோ. அமத்தித் தள்ளவே கூடாது, முட்டைக்குழாய் கிழிஞ்சிடும். உள்ள ஒண்டுமில்லையெண்டால் தண்ணி நிறைய வைச்சு, ரெண்டு மூண்டு நாளில வழக்கத்தின் பாதி அளவு எலி குடுங்கோ. முதுகெலும்பு துருத்தித் தெரியிறது மாறுமட்டும் பெரிய இரை வேண்டாம், கக்கிவிடும்.

வெள்ளவத்தை வாசி:
நன்றி. ஆண் விந்தே இல்லாமல் குஞ்சு வர வழியிருக்கா?

தெஹிவளை ஊர்வன:
அபூர்வமா நடக்கும். மலைப்பாம்பு, போவா வகையளில பதிவாகியிருக்கு. எங்கட பூச்சாடி மண்ணுக்குள்ள நெளியிற சின்னக் குருட்டுப்பாம்பு இனம் முழுக்கப் பெண், ஆணே கிடையாது. அதாலயும்தான் வெள்ளை முட்டையைச் சோதிக்காமல் எறியக்கூடாது. கரு இருந்தால் வளர்க்கிறதுக்கு முதல் வனஜீவராசிகள் திணைக்களத்திட்ட அனுமதி விஷயத்தைக் கேளுங்கோ.

மருதானை:
எறியிறதெண்டால் பையில கட்டி, மூடியுள்ள டப்பாவுக்குள்ள வைச்சு 48 மணித்தியாலம் உறையவிட்டுப் பிறகு எறியுங்கோ; வெளிநாட்டுப் பாம்பு இங்கத்தைய மண்ணில பொரிக்கக்கூடாது. தோட்டத்தில போட்டால் கீரியும் கபரக்கொய்யாவும் (நீர் உடும்பு) தேடி வரும். சல்மொனெல்லா எண்ட வயிற்றோட்டக் கிருமி இருக்கலாம், கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கோ. கூட்டின் பாசியையும் மாத்திவிடுங்கோ.