கார்த்திகை மழையில் டென்ட்: லைட்டரா, ஃபெரோ ராடா?

வேளச்சேரி_வாசி:
அடுத்த மாசம் நாலு பேர் ஏலகிரியில ஒரு தனியார் தோட்டத்துல டென்ட் போடறோம். நெருப்பு மூட்ட தோட்டக்காரர் அனுமதி கொடுத்துட்டார். ஆன்லைன்ல 8 மி.மீ. ஃபெரோ ராட் (உரசினா தீப்பொறி வர்ற உலோகக் குச்சி) வாங்கினேன். கூட வந்த தகட்டால உரசினா கறுப்பா ஏதோ உதிருது, பொறியே வரல. போலி சரக்கா? இல்ல, சீவி அந்தச் சீவல்ல பொறி போட்டு மூட்டற மெக்னீசியம் கட்டியே வாங்கியிருக்கணுமா? சாதா தீப்பெட்டி மழைக்குத் தாங்குமா?

சுள்ளிப்பொறுக்கி:
போலின்னு இப்பவே முடிவு பண்ணாதீங்க. துருப்பிடிக்காம இருக்க மேலே கறுப்புப் பூச்சு கொடுத்திருப்பாங்க. ஒரே பக்கமா அழுத்திச் சுரண்டுங்க, உள்ளே வெள்ளி மாதிரி பளபளப்பு தெரியும். அங்கேதான் பொறி வரும்.

அப்புறம் தகடு. விளிம்பு 90 டிகிரியில நறுக்குன்னு இருக்கணும். மழுங்கியிருந்தா ஹார்டுவேர் கடையில ஆக்ஸா பிளேடு ஒண்ணு வாங்கி, பெயின்ட் போக முதுகுப் பக்கத்தை சாணைக்கல்லுல தட்டையா தேய்ச்சுக்குங்க. கத்தியோட வாயால உரசவே கூடாது, கத்தி வீணாயிடும்.

பெரும்பாலும் தப்பு நடக்கறது கையிலதான். படபடன்னு உரசினா பொடிப்பொடியா பொறி பறந்து பாதி வழியிலேயே அணைஞ்சுடும். ராட் நுனியைப் பத்த வைக்கற பஞ்சு மேலேயே ஊன்றி, தகட்டை அசையாம பிடிச்சு, ராடை அழுத்தமா உங்க பக்கம் இழுங்க. பெரிய துணுக்கா உதிர்ந்து, எரிஞ்சுகிட்டே பஞ்சுல விழும். தகட்டை முன்னால தள்ளினா அந்த வேகத்துல கை போய் அடுக்கினதையெல்லாம் கலைச்சுடும்.

வேலை முடிஞ்சதும் ராடைத் துடைச்சு, சுரண்டின இடத்துல நெயில் பாலிஷ் தடவி வைங்க. நம்ம ஊர் உப்புக்காத்துல சும்மா போட்டு வெச்சா சாம்பல் நிறமா பூத்து உதிர ஆரம்பிச்சுடும்.

கொட்டாங்குச்சி:
ராட் இருக்கட்டும், அது மாத்து ஏற்பாடு. முதல் ஆயுதம் பத்து, இருபது ரூபா லைட்டர்தான், ஆளுக்கு ஒண்ணு. நனைஞ்சுட்டா சக்கரத்தை பேன்ட்ல நாலு தரம் உருட்டி, ஊதிக் காய வெச்சா மறுபடி பத்தும். பனிமலைக்குப் போறவங்களுக்குத்தான் தொல்லை. பியூட்டேன் 0 டிகிரிக்குக் கொஞ்சம் கீழே போனாலே ஆவியாகாது, சட்டைக்குள்ளே வெச்சு சூடாக்கணும். ஏலகிரிக்கு அந்தக் கவலை இல்லை.

தீப்பெட்டியில குச்சியை மட்டும் காப்பாத்தினா போதாது. சிவப்பு பாஸ்பரஸ் இருக்கறது பெட்டியோட பக்கவாட்டுல. அது ஈரமானா வழுவழுன்னு உரிஞ்சு வந்துடும், காய்ஞ்ச குச்சி கையில இருந்தும் பிரயோஜனம் இல்லை. உரசற பட்டையை வெட்டி, குச்சியோட சேர்த்து இறுக்கமா மூடற மாத்திரை டப்பாவுல போடுங்க.

மெக்னீசியம் கட்டி வேண்டாம். ஒரு ரூபா நாணயம் அளவுக்குச் சீவல் சேர்க்கறதுக்குள்ளே கை ஓய்ஞ்சுடும், சேர்த்ததைக் காத்து அடிச்சுட்டுப் போயிடும்.

வேளச்சேரி_வாசி:
நன்றி சார், சுரண்டினதும் பொறி வருது! ஆனா வீட்டுல இருந்த தேங்காய் நார்ல போட்டா கங்கு மாதிரி கனன்று அணைஞ்சு போகுது. இலவம் பஞ்சு குப்புன்னு எரிஞ்சு முடிஞ்சுடுது.

சுள்ளிப்பொறுக்கி:
ரெண்டும் அப்படித்தான். மெடிக்கல்ல கிடைக்கிற சுத்தமான பருத்திப் பஞ்சுல நெல்லிக்காய் அளவு எடுத்து, வெளிப்புறம் மட்டும் வாசலின் தேய்ங்க. உள்ளே காய்ஞ்சே இருக்கணும். மூட்டும்போது பிச்சு விரிச்சு, அந்தக் காய்ஞ்ச இழையில பொறியைப் போடுங்க. இழை பத்தும், வாசலின் உருகி நின்னு எரியும், மூணு நாலு நிமிஷம் தாராளம். முழுக்க ஊறவெச்சா பொறி பத்தாது. பாலியஸ்டர் பஞ்சு பொறிக்கு உருகுமே தவிர சுடர் பிடிக்காது.

கற்பூரமும் நல்லதுதான். நசுக்கி அதே பஞ்சுல தூவுங்க. காத்துப்புகாத டப்பா முக்கியம், இல்லேன்னா போய்ச் சேர்றதுக்குள்ளே பாதி ஆவியாயிடும். அது எரிஞ்சு தீர்ற வரைக்கும் சோளம் கீளம் சுடாதீங்க, வாசனை ஏறிடும்.

மிலாறு:
சுள்ளியைப் பத்தி யாரும் பேசலையே. மழையில தரையில கிடக்கறதைத் தொடாதீங்க. மரத்துலேயே காய்ஞ்சு தொங்கற கிளையை ஒடிங்க, டக்குன்னு ஒடியணும், வளைஞ்சா ஈரம். தீக்குச்சி கனத்துல ரெண்டு கைப்பிடி, பென்சில் கனத்துல ரெண்டு, கட்டைவிரல் கனத்துல ஒரு கட்டு. எல்லாம் பக்கத்துல தயாரா இருந்தாத்தான் பொறி போடணும். வழியில சவுக்கு மிலாறு (மெல்லிய சுள்ளி) காய்ஞ்சதா கிடைச்சா ஒரு பை கட்டிக்குங்க. நல்ல விறகு நனைஞ்சிருந்தா நடுவுல பிளந்து, உள்பக்கம் நெருப்பைப் பார்க்க வைங்க. ஈர மண்ணுல நேரா மூட்டாம ரெண்டு மரப்பட்டையைப் பரப்பி அது மேலே மூட்டுங்க.

காப்புக்காட்டுல தீ மூட்டறது குற்றம், தோட்டத்து வேலிக்குள்ளேயே வெச்சுக்குங்க. அணைக்கும்போது தண்ணி ஊத்திக் கிளறி, மறுபடி ஊத்தி, புறங்கையைக் கிட்ட வெச்சுப் பாருங்க. சூடு தெரிஞ்சா இன்னொரு குடம்.